குத்துச்சண்டைப் பந்தயத்தில் உத்தி என்று ஒன்று உண்டா?

மார்த்தாண்டத்தான்:

அனைவருக்கும் வணக்கம். என் அத்தை மகன் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறார். அங்கே உரிமம் பெற்ற பந்தய நிறுவனங்கள் சட்டப்படி இயங்குவதால், சனிக்கிழமை இரவுக் குத்துச்சண்டைகளில் சிறு தொகை கட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. நாகர்கோவிலில் கல்லூரிப் படிப்பின்போது நானும் கையுறை மாட்டியவன் என்பதால் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் என்னிடம் கருத்துக் கேட்பார். தோல்வியே காணாத பேவரிட் (வெல்வார் என்று பலரும் எதிர்பார்க்கும் வீரர்) மீது மட்டும் கட்டுவது, ஒரே இரவில் மோதும் ஐந்து பேவரிட்களை, ஐவரும் வென்றால்தான் பணம் என்று ஒரே சீட்டில் சேர்ப்பது, தோற்றால் அடுத்த முறை தொகையை இரட்டிப்பாக்குவது ஆகிய மூன்றும் அவருடைய வழிகள். நான் சொல்லும் வீரர்கள் பெரும்பாலும் வெல்கிறார்கள்; ஆனாலும் அவர் கையில் பணம் குறைந்துகொண்டே போகிறது. காரணம் விளங்கவில்லை. இன்னொன்று, இதே போட்டிகளுக்கு ஊரில் இருந்தபடியே செயலி வழியாகக் கட்டலாம் என்று இங்கே தெரிந்த பையன் ஒருவன் சொல்கிறான். அது சரிதானா?

வடசேரிக் கணக்கர்:

யார் வெல்வார் என்ற கணிப்புச் சரியாக இருந்தாலும், வாங்கிய விலை மோசமாக இருந்தால் பணம் போய்விடும். விலை என்பது, கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் வென்றால் கட்டியதையும் சேர்த்துக் கைக்கு வரும் தொகை. ஒரு போட்டியில் பேவரிட்டின் விலை 1.20, எதிராளியின் விலை 4.50 என்று வைத்துக்கொள்வோம். 100ஐ அந்த விலைகளால் வகுத்தால், விலை காட்டும் வெற்றி வாய்ப்பு விழுக்காட்டில் 83.3, 22.2 என்று வரும், கூட்டினால் 105.5. நூறுக்கு மேல் நிற்கும் அந்த ஐந்தரைதான் நிறுவனம் தனக்கென்று விலைக்குள் வைத்துக்கொள்ளும் பங்கு. ஆக, 1.20 விலையில் கட்டுபவர் நூற்றுக்கு 83 முறைக்கு மேல் வென்றால்தான் லாபத்தைப் பார்க்க முடியும். நீங்கள் சொன்ன வீரர்கள் நூற்றுக்கு 80 முறை வென்றிருந்தால் குத்துச்சண்டை அறிவில் உங்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கட்டிய ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் 4 பவுண்டு நட்டம்.

ஐந்து பேரை ஒரே சீட்டில் சேர்க்கும்போது அந்த நட்டமும் சேர்ந்து பெருகுகிறது. 1.20ஐ ஐந்து முறை பெருக்கினால் 2.49 வரும், பார்க்க அழகான விலை. ஆனால் தலா 80 விழுக்காடு வாய்ப்புள்ள ஐவரும் ஒரே இரவில் வெல்லும் வாய்ப்பு 33 விழுக்காட்டுக்கும் குறைவு. 100 பவுண்டு கட்டினால் சராசரியாகத் திரும்புவது 82 பவுண்டுக்குள்தான். நிறுவனங்கள் இந்தக் கூட்டுச் சீட்டை ஏன் இவ்வளவு ஆர்வமாக விளம்பரப்படுத்துகின்றன என்பது இதிலிருந்தே தெரியும்.

இரட்டிப்பாக்கும் வழியை அவர் முதல் வழியோடு கலப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. 5 பவுண்டு தோற்றபின் 10 பவுண்டை 1.20 விலையில் கட்டி வென்றாலும் கைக்கு வரும் லாபம் 2 பவுண்டு மட்டுமே. பழைய நட்டத்தை ஈடுகட்ட 25 பவுண்டு கட்ட வேண்டும். விலை 2.00 ஆக இருந்தாலும்கூட, தொடர்ந்து ஏழு முறை தோற்றால் 635 பவுண்டு போயிருக்கும், எட்டாவது முறை 640 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். அத்தனையும் முடிவில் 5 பவுண்டு லாபத்துக்காக.

கையிருப்பில் எவ்வளவு கட்டுவது என்பதற்குக் கணக்கறிஞர்கள் மதிக்கும் முறை, 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி எழுதியது. ஒரு வீரருக்கு 45 விழுக்காடு வாய்ப்பு என்று நீங்கள் நம்புகிறீர்கள், விலையோ 2.50 என்றால், கையிருப்பில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கட்டலாம் என்று அந்தச் சூத்திரம் சொல்லும். அந்த 45 நம் ஊகமே என்பதால் பலர் அதிலும் பாதியைத்தான் கட்டுவார்கள். விலை காட்டும் வாய்ப்பை விட உண்மையான வாய்ப்பு அதிகம் என்று காட்ட முடியாத போட்டிக்கு அதே சூத்திரம் தரும் விடை பூஜ்யம், பெரும்பாலான சனிக்கிழமைகளில் விடை அதுவே.

குலசேகரம் ரசிகன்:

கணக்கை அண்ணாச்சி சொல்லிவிட்டார். நான் வளையத்துக்குள் இருப்பதைச் சொல்கிறேன். தோல்வியற்ற சாதனை என்பது பல நேரங்களில், எளிய எதிராளிகளாகத் தேர்ந்து ஏற்பாட்டாளர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. வென்ற எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், வீழ்ந்தவர்கள் யார், அவர்கள் அந்தப் போட்டிக்கு முன் எத்தனை முறை தோற்றிருந்தார்கள், எந்த எடைப் பிரிவில் இருந்து ஏறி வந்தார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்கள். 2019 ஜூன் 1ஆம் தேதி நியூயார்க்கில் தோல்வியே அறியாத ஆந்தனி ஜோசுவாவை, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய வேறொருவருக்கு மாற்றாகச் சில வாரங்களுக்கு முன்புதான் ஒப்பந்தமான ஆண்டி ரூயிஸ் ஏழாவது சுற்றில் வீழ்த்தினார். டிசம்பரில் சவுதி அரேபியாவில் நடந்த மறுபோட்டிக்கு முந்தின நாள் எடை பார்த்தபோது, ரூயிஸ் முதல் போட்டியை விட ஏறத்தாழ 15 பவுண்டு எடை கூடியிருந்தார், ஜோசுவாவோ 10 பவுண்டு எடை இறங்கியிருந்தார். அந்த எண்களைப் பார்த்த எவருக்கும் ஜோசுவா தள்ளி நின்று குத்தப்போகிறார் என்பது புரிந்திருக்கும். பன்னிரண்டு சுற்றும் அப்படியே ஆடிப் புள்ளிக் கணக்கில் வென்றார். எனவே எடை பார்க்கும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்குள் விலையும் நகர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

1990 பிப்ரவரியில் டோக்கியோவில் 42க்கு 1 என்ற விலையில் (1 கட்டினால் லாபம் 42) இருந்த பஸ்டர் டக்ளஸ், மைக் டைசனைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தியதைச் சொல்லி எளியவர் மீதே கட்டு என்பவர்களும் உண்டு. அப்படி வென்றவர் பெயர்தான் நமக்கு நினைவிருக்கிறது. தோற்ற நூறு பேரை யாரும் பேசுவதில்லை. புள்ளிக் கணக்குக்குப் போகும் போட்டியில் நடுவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2017 செப்டம்பரில் கனேலோ அல்வாரஸ், கோலோவ்கின் மோதியபோது ஒரு நடுவர் 118-110 என்று அல்வாரஸுக்கும், மற்றொருவர் 115-113 என்று கோலோவ்கினுக்கும் கொடுத்தார். மூன்றாமவர் 114-114 என்று எழுதியதால் போட்டி டிராவில் முடிந்தது.

தக்கலை வழக்கறிஞர்:

தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில். ஊரில் இருந்தபடி கட்ட முடியாது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி இணையவழிச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதையும் விளம்பரப்படுத்துவதையும் அவற்றுக்குப் பணம் செலுத்த வங்கிகள் உதவுவதையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. ஆகவே அந்தப் பையன் காட்டும் செயலி வென்ற பணத்தைத் தராமல் ஏமாற்றினால் அதை மீட்பது மிகக் கடினம். அத்தை மகனிடம் பணம் கொடுத்து உங்களுக்காகக் கட்டச் சொல்லவும் வேண்டாம். பிறருக்காகக் கட்டுவதை அங்குள்ள பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் ஏற்பதில்லை.

மார்த்தாண்டத்தான்:

மூவருக்கும் நன்றி. செயலிப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன். ஓர் ஐயம் மட்டும்: அத்தை மகன் கட்டிய ஒரு போட்டி டிராவில் முடிந்தது, அவருக்குப் பணம் திரும்பவில்லை, அதே போட்டியில் கட்டிய அவருடைய நண்பருக்குத் திரும்பியது. இது எப்படி?

வடசேரிக் கணக்கர்:

அவர்கள் கட்டியது இரண்டு வேறு சந்தைகளில். டிராவுக்கும் தனி விலை போட்டிருக்கும் மூவழிச் சந்தையில், டிரா ஆனால் வீரர் மீது கட்டிய பணம் தோற்றதாகவே கொள்ளப்படும். இருவருக்கு மட்டும் விலை சொல்லும் இருவழிச் சந்தையில் பணம் திரும்பும். அதற்கு ஈடாக வீரரின் விலை சற்றுக் குறைவாக இருக்கும். இதேபோல், போட்டி எந்த வகையில் முடியும் என்று கட்டும்போது, சுற்றுகளுக்கு இடையே ஒருவர் இருக்கையில் இருந்து எழ மறுத்தால் அது பெரும்பாலும் நாக் அவுட் வகையில் சேரும். தற்செயலான தலைமோதலால் நான்கு சுற்றுக்குப் பின் போட்டி நின்றால் புள்ளி அட்டைகளுக்குப் போய்த் தீர்ப்பு வகையில் சேரும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அதில் டிராவுக்கு விலை போட்டிருந்ததா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.