புது லேப்டாப்பில் பழைய ப்ராஜெக்ட்: பிளக்-இன்கள் திணறுகின்றன, சிபியு சும்மா இருக்கிறது

கீபோர்டுக்காரன்:
வணக்கம். நாலு கோர் பழைய மெஷினிலிருந்து புது லேப்டாப்புக்கு மாறியிருக்கிறேன். விண்டோஸ் 11, 14 கோர், 32 ஜிபி ரேம். அதில் ஒழுங்காக ஓடிய பாட்டு ப்ராஜெக்ட் இதில் தடுமாறுகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், ஹெட்ஃபோனை மாட்டும் பெட்டி) அதேதான், கேபிளும் அதேதான்.

பியானோ சாம்ப்ளரும் (பதிவு செய்து வைத்த ஒலிகளை வாசிக்கும் பிளக்-இன்) அதன் மேல் போட்டிருக்கும் கன்வல்யூஷன் ரிவர்பும் (அரங்கின் எதிரொலியைச் சேர்ப்பது) ஓடும்போது பட் பட்டென்று கிளிக் சத்தம். எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. ஒரு சரணம் முழுக்கச் சுத்தமாகப் போகும், அப்புறம் ஒரே இடத்தில் நாலைந்து விழும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் டிஏடபிள்யூவின் (பிளக்-இன்களை ஓட்டிப் பாட்டை ரெக்கார்ட், மிக்ஸ் செய்யும் மென்பொருள்) மீட்டரோ சிவப்பைத் தொடுகிறது. இதில் யாரை நம்புவது?

பேஸ் வாசிக்கும் சிந்த் (ஒலியைத் தானே உருவாக்கும் பிளக்-இன்) வேறு அவ்வப்போது ஓரிரு விநாடி வாயை மூடிக்கொள்கிறது. அதில் கிளிக் எல்லாம் இல்லை, வெறும் மௌனம். போதாததற்கு வோகல் டிராக்கில் இருந்த ஈக்யூ (குரலின் தொனியைச் சரிசெய்யும் பிளக்-இன்) 'காணவில்லை' என்று வருகிறது. இன்ஸ்டால் ஆகித்தான் இருக்கிறது, புது ப்ராஜெக்டில் கூப்பிட்டால் வந்து நிற்கிறது!

பாடுபவருக்கு ஹெட்ஃபோனில் உடனுக்குடன் கேட்க வேண்டும் என்பதால் பஃபர் (ஒரு தடவை கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிள், சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள். விண்டோஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லைசன்ஸ்களை மாற்றியதிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது.

தாளம்24:
பஃபரை 1024 ஆக்கிப் பாருங்க ப்ரோ. சரியாயிடும்.

கீபோர்டுக்காரன்:
பார்த்தாயிற்று. கிளிக் குறைகிறது, போகவில்லை. 1024 என்றால் ஒரு பஃபருக்கே 21 மில்லிவிநாடி, போக வர அதற்கும் மேல். தன் குரல் தனக்குப் பின்னால் வருகிறது என்கிறார் பாடகர். மிக்ஸிங்குக்குச் சரி, ரெக்கார்டிங்குக்கு ஆகாது.

பழையமிக்சர்:
உங்களுக்கு வந்திருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஒன்றாகச் சேர்ந்து வந்ததால் ஒரே காரணம் போலத் தெரிகிறது.

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் ப்ராஜெக்டை ஆஃப்லைனில் எக்ஸ்போர்ட் செய்து அந்த வேவ் ஃபைலைக் கேளுங்கள். எக்ஸ்போர்டுக்குக் கெடு கிடையாது. ஒரு விநாடி ஆடியோவைக் கணக்கிட மூன்று விநாடி ஆனாலும் கம்ப்யூட்டர் பொறுமையாக முடித்துத் தரும். பிளே செய்யும்போது அப்படி இல்லை. 128 சாம்பிளுக்கு 48 கிலோஹெர்ட்ஸில் கிடைப்பது 2.67 மில்லிவிநாடி. அதற்குள் எல்லா பிளக்-இனும் தன் வேலையை முடிக்காவிட்டால் இன்டர்ஃபேஸுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, அதுதான் கிளிக்காகக் கேட்கிறது. எக்ஸ்போர்டில் மறைந்துவிட்டால் அது நேரத் தட்டுப்பாடு. ஃபைலிலும் இருந்தால் பிளக்-இனைத்தான் பிடிக்க வேண்டும்.

சிந்தின் மௌனம் ஃபைலிலும் பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அநேகமாக அது டெமோ நிலையில் ஓடுகிறது. லைசன்ஸ் கிடைக்காத பிளக்-இன்கள் எல்லாமே திறக்க மறுப்பதில்லை. சில, இடைவெளி விட்டு ஒலியை நிறுத்தும். சில, இரைச்சலைக் கலந்து விடும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். மௌனம் சீரான இடைவெளியில் வந்தால் லைசன்ஸ் பக்கம் போங்கள்.

மீட்டர் விஷயத்தில் டிஏடபிள்யூவை நம்புங்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவது எல்லா கோருக்குமான சராசரி. ஒரே டிராக்கில் வரிசையாக இருக்கும் பிளக்-இன்களில், முன்னது கொடுத்தால்தான் பின்னது தொடங்க முடியும். அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். பத்துப் பேர் நின்றாலும் ஒரு ஊசியில் ஒருவர்தான் நூல் கோர்க்க முடியும். போதாக்குறைக்கு, 2021-க்குப் பிறகு வந்த லேப்டாப் பிராசசர்கள் பலவற்றில் எல்லா கோரும் சமம் இல்லை. சில வேகத்துக்கு, சில மின் சிக்கனத்துக்கு. ஆடியோ வேலை சிக்கன கோரில் போய் விழுந்தால் 128 தாங்காது. சார்ஜரை மாட்டிவிட்டு பவர் மோடை அதிகபட்ச செயல்திறனில் வையுங்கள்.

ஆனால் 1024-லும் கிளிக் போகவில்லை என்றீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். வெறும் லோடு என்றால் 21 மில்லிவிநாடி தாராளம். வேறொரு டிரைவர் நடுவில் புகுந்து சிபியுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று சந்தேகம். விண்டோஸில் டிரைவர்களின் அவசர வேலைகளுக்கு ஆடியோ பிளக்-இன்களை விட முன்னுரிமை உண்டு, அந்த நேரம் டாஸ்க் மேனேஜர் சதவீதத்தில் பெரிதாகத் தெரியவும் தெரியாது. லேட்டன்சிமான் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை ஓட விட்டுப் பாட்டை பிளே செய்யுங்கள், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பெயர் போட்டுக் காட்டும். நான் முதலில் பார்ப்பது வைஃபை, அடுத்து கிராஃபிக்ஸ், அடுத்து பேட்டரி சம்பந்தப்பட்டது.

ஈக்யூ எளிது. விஎஸ்டி என்பது பிளக்-இன்களின் ஒரு வடிவம். பழைய ப்ராஜெக்ட் கேட்பது விஎஸ்டி2, நீங்கள் இப்போது போட்டிருப்பது விஎஸ்டி3 ஆக இருக்கும். விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் 2018-ல் விஎஸ்டி2-க்கான எஸ்டிகேயை (பிளக்-இன் எழுதுபவர்களுக்கான கருவித் தொகுப்பு) தருவதை நிறுத்தியது. அதன் பிறகு பல இன்ஸ்டாலர்கள் விஎஸ்டி3-ஐ மட்டும்தான் போடுகின்றன. நமக்குப் பெயர் ஒன்றுதான், டிஏடபிள்யூவுக்கு இரண்டும் வேறு ஆள். இன்ஸ்டாலரில் கஸ்டம் போய் விஎஸ்டி2 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய மெஷினில் அந்த ஈக்யூவின் சொந்த மெனுவிலேயே ப்ரீசெட்டாகச் சேமித்து எடுத்து வாருங்கள். டிஏடபிள்யூ வழியாகச் சேமித்தால் வடிவம் மாறும்போது திறக்காமல் போகலாம்.

ராத்திரிமிக்ஸ்:
மேக்கில் இதைப் படிப்பவர்களுக்கு: இன்டெல்லிலிருந்து எம் வரிசை சிப்புக்கு மாறியபின் விஎஸ்டி பிளக்-இன் காணவில்லை என்றால், அது இன்டெல்லுக்கு மட்டும் எழுதப்பட்டதா என்று முதலில் பாருங்கள். டிஏடபிள்யூவை ரோசெட்டாவில் (இன்டெல் மென்பொருளை எம் சிப்பில் ஓட வைக்கும் ஆப்பிளின் வசதி) திறந்தால் வந்துவிடும். 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து 32-பிட் பிளக்-இன்கள் சுத்தமாக ஓடாது, அதற்கு ரோசெட்டாவும் உதவாது.

கீபோர்டுக்காரன்:
பழையமிக்சர் அண்ணா, நன்றி. எக்ஸ்போர்ட் ஃபைலில் கிளிக் ஒன்றுகூட இல்லை, சிந்தின் மௌனம் அப்படியே இருக்கிறது. லைசன்ஸ் மேனேஜரைத் திறந்தால் அந்த ஒரு சிந்த் மட்டும் இன்னும் பழைய மெஷின் பெயரில். 'மாற்றம் முடிந்தது' என்று எனக்கு மெயில் வேறு அனுப்பியிருந்தார்கள்! அங்கே விடுவித்து இங்கே ஏற்றியதும் பேஸ் விடாமல் வாசிக்கிறது.

லேட்டன்சிமானில் சிவப்பில் நின்றது வைஃபை டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கினேன். 256-ல் முழுப் பாட்டும் சுத்தம். ஈக்யூவுக்கு இன்ஸ்டாலரில் விஎஸ்டி2 டிக் இல்லாமல் இருந்தது, போட்டதும் பழைய செட்டிங்கோடு திறந்தது.

128-ல் கடைசி கோரஸில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு கிளிக். அங்கே பியானோவில் பெடலை அழுத்திப் பிடித்த பெரிய கார்டுகள் வருகின்றன.

பழையமிக்சர்:
பெடல் என்றால் அத்தனை சுரமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒலித்துக்கொண்டிருக்கும். சாம்ப்ளர் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை டிஸ்க்கிலிருந்து இழுக்கும். அந்தப் பியானோ ஒலிகளின் லைப்ரரி எங்கே இருக்கிறது? 32 ஜிபி ரேம் இருக்கிறதே, சாம்ப்ளரில் ப்ரீலோட் அளவைக் கூட்டுங்கள். ரெக்கார்டிங் அவசரம் என்றால் பியானோ டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிட்டு (தற்காலிகமாக ஆடியோவாக்கி வைத்துவிட்டு) பாடச் சொல்லுங்கள், 128 தாராளமாகத் தாங்கும்.

பழைய மெஷினை இப்போதைக்கு ஃபார்மேட் செய்யாதீர்கள். இன்னும் திறந்து பார்க்காத ப்ராஜெக்டுகளில் இங்கே திறக்காத 32-பிட் பிளக்-இன் ஏதாவது ஒளிந்திருந்தால், அந்த டிராக்குகளை அங்கேயே எஃபெக்டோடு ஆடியோவாக எடுத்துக்கொள்ளலாம்.

கீபோர்டுக்காரன்:
லைப்ரரி வெளி ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் இன்டர்ஃபேஸ் மாட்டியிருக்கும் அதே யுஎஸ்பி ஹப்பில். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்குக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் நேராக மாட்டிவிட்டேன். காப்பி முடிந்ததும் 128-ல் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.