'எட்சிங்' என்பதற்குத் தமிழ்: அரிப்பா, பொறிப்பா?

அன்புடையீர்,

இத்தாலியச் செப்புத்தகட்டுக் கலைஞர் பிரானேசி 1756-இல் ரோமில் வெளியிட்ட 'ரோமானியத் தொல்பொருள்கள்' நூலின் பழம்படி ஒன்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். நான்கு பெருந்தொகுதிகள், இருநூறுக்கும் மேற்பட்ட படத்தகடுகள். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, அதன்மேல் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால், ஊசி பட்ட இடத்தில் மட்டும் அமிலம் செம்பைத் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி ஈரத்தாளில் அழுத்தி எடுப்பார்கள். இந்த எட்சிங்கையும், உளியால் நேரே வெட்டும் என்கிரேவிங்கையும் ஒருசேரச் 'செதுக்கோவியம்' என்றெழுத மனம் ஒப்பவில்லை. (பைண்டிங் வேறு தொல்லை: 'ரோமானியக் கட்டடங்கள், கன்றுத்தோல் கட்டடம்' என்று ஒரே வரியில் வந்து நிற்கிறது.)

* * *

அரிதல் வேறு, அரித்தல் வேறு. கத்தரிக்காயை அரிந்தாள், கறையான் கதவை அரித்தது. உளி அரிவதால் அது அரிவு, அமிலம் அரிப்பதால் இது அரிப்பு. ஒரே வேரில் இரண்டு கலைச்சொற்களும் கிடைக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எட்சிங் என்னும் சொல்லின் ஜெர்மானிய மூலமும் 'தின்னச் செய்தல்' என்றே பொருள்படும். மேலும், நற்றிணையின் 'அரிமதர் மழைக்கண்' என்னும் தொடரில் அரி என்பது கண்ணில் ஓடும் செவ்வரி. ஆகவே கோடு என்னும் பொருளும் இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

* * *

ஐயா, இலக்கணத்தில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் பழம்புத்தகக் குறிப்பொன்றில் 'நான்கு தொகுதிகளிலும் அரிப்பு' என்று படிப்பவர், பூச்சி தின்ற நூல் என்றெண்ணி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். தோல் கட்டு என்றும் உடன் எழுதினால் தோலில் அரிப்பு என்றாகிவிடும். அதற்குக் களிம்புதான் தேவைப்படும். 'அமிலப் பொறிப்பு' என்றால் பள்ளி மாணவருக்கும் புரியும்.

* * *

அமிலம் வடசொல். புளித்தது எதுவோ அது தமிழில் காடி. 'காடிவரை' என்பதே என் பரிந்துரை.

* * *

எங்கள் ஊரில் காடி என்றால் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது. ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் கல்லறை அடித்தளத்தை மலைபோல் எழுப்பிக் காட்டிய படத்துக்கு அந்தப் பெயரா? 'செப்பேட்டோவியம்' என்ற யோசனையும் தனிமடலில் வந்தது. செப்பேடு என்றதும் பல்லவர் தானம்தான் நினைவுக்கு வரும்.

* * *

அரிவு, அரிப்பு என்று கோடு கிழித்துப் பிரிப்பதற்குப் பிரானேசியே இடம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமிலத்தில் எடுத்த தகட்டை அவர் உளியால் திருத்துவார். நூலை முதலில் அயர்லாந்தின் சார்ல்மான்ட் பிரபுவுக்குக் காணிக்கையாக்கினார். எதிர்பார்த்த பொருளுதவி வராமற்போகவே, காணிக்கைத் தகட்டில் கல்வெட்டுப் போல வரைந்திருந்த பிரபுவின் பெயரை நீக்கினார். 1757-இல் தம் தரப்பை விளக்கும் கடிதங்களையும் அச்சிட்டார். ஒரே தகட்டில் அமிலம் தின்றதும், உளி வெட்டியதும், கோபம் சுரண்டியதும் இருக்க, எந்தக் கோட்டை எந்தச் சொல்லால் அழைப்பது? பொறிப்பு என்பதைப் பொதுச்சொல்லாக வைத்து, தேவையான இடத்தில் அமிலம், உளி என்று அடை சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

* * *

அனைவருக்கும் நன்றி. நால்வர் ஆதரித்ததாலும், பொழுது விடிந்தால் வெள்ளி என்பதாலும், 'அமிலப் பொறிப்பு', 'கன்றுத்தோல் கட்டு' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

* * *

என் வாக்கு இன்னமும் அரிப்புக்கே. அச்சகத்தார் வல்லின றகரத்தை விட்டு 'அமிலப் பொரிப்பு' என்று போட்டுவிடாமல் மெய்ப்பையாவது நீங்களே பாருங்கள்.