நாய்ப் புழு குழந்தையின் இமைக்குள்: இந்த நோய்க்குக் கணக்கு எங்கே?

கேள்வி (வெள்ளவத்தைவாசி):
சென்ற மாதம் என் அக்காவின் ஆறு வயது மகனுக்கு மேல் இமையில் சிறு கட்டி ஒன்று தோன்றி, சில நாட்கள் தணிந்து, பின்னர் மூக்குப் பக்கமாகச் சற்று நகர்ந்து மீண்டும் வீங்கியது. சத்திரசிகிச்சையில் வெளிவந்தது, வெள்ளை நூல் போல நெளிந்துகொண்டிருந்த உயிருள்ள புழு. நாய்களுக்குரிய ‘டைரோஃபிலேரியா ரீப்பென்ஸ்’ என்று வைத்தியர் கூறினார். எங்கள் வீட்டில் நாய் இல்லை. யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிக்கப்பட்டதை 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனம் உறுதிப்படுத்திய பின்பும், அதே வகைப் புழு கொழும்பில் இருப்பது எவ்வாறு? ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இது வருகிறது? அவனிடமிருந்து தங்கைக்குத் தொற்றுமா?

பதில் (நுணுக்குக்காட்டி):
தங்கைக்குத் தொற்றாது. நாயின் இரத்தத்திலுள்ள நுண்புழுவை (புழுவின் இளம் பருவம்) நுளம்பு உறிஞ்சி, அது தன் உடலில் வளர்ந்தபின் அடுத்துக் கடிப்பவருக்குச் செலுத்துகிறது. அந்த நுளம்புக்கு நாய் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை, ஒழுங்கைமுனையில் படுத்திருந்தாலே போதும். மனித உடலில் பெரும்பாலும் ஒற்றைப் புழுவே தங்குகிறது. துணையின்றி அது இனம்பெருக்காததால் இரத்தத்தில் நுண்புழு தோன்றுவதில்லை. எனவே அவனைக் கடிக்கும் நுளம்பும் நோயைக் கடத்தாது.

ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. அதற்கும் இதுவே முதற்காரணம். யானைக்கால் நோய்க்காக இரவில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தப் பூச்சில் இந்தப் புழு அகப்படாது, சத்திரசிகிச்சையில்தான் வெளிப்படும். அகற்றிய கட்டியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாவிட்டால் அது வெறும் கட்டியாகவே பதிவாகும். இங்கு நோயாளிகளுள் கணிசமானோர் சிறுவர்கள். ஆண் குழந்தைகளின் விதைப்பையிலும் இது வருவதால், புற்றுநோயோ என்று பெற்றோர் கலங்குவதுண்டு. அந்தக் கலக்கம் எந்த நோய்ச்சுமைக் கணக்கிலும் ஏறுவதில்லை. மணல் ஈ பரப்பும் தோல் நோயான லீஷ்மேனியாசிஸை ஒப்பிட்டுப் பாருங்கள்: 2008 இல் அது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்ட பின்னரே அதன் பரவல் வெளிச்சத்துக்கு வந்தது. நாய்ப் புழுவோ உலக சுகாதார ஸ்தாபனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலிலும் இல்லை.

2016 இன் சாதனை உண்மையானது. 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் பொதுமக்களுக்கு மாத்திரை வழங்கியது பலன் தந்தது. ஏனெனில் அங்கு இலக்காக இருந்த வுச்செரேரியா புழுவுக்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் இல்லை. நாய்க்குள் இருக்கும் புழுவை மனிதன் விழுங்கும் மாத்திரை என்ன செய்யும்?

பதில் (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
என்னைக் கேட்டால், இதைவிடக் கவலைக்குரியது, யானைக்கால் நோயைத் தரும் இன்னொரு புழுவான புரூஜியா மலாயி. 1960களின் இறுதியில் மறைந்ததாகக் கருதப்பட்ட அது, இந்த நூற்றாண்டில் திரும்பி வந்துள்ளது. நாய், பூனைகளிலும் காணப்படுகிறது. அதைப் பரப்பும் மான்சோனியா நுளம்பின் குடம்பிகள் நீர்த்தாவர வேர்களைத் துளைத்து மூச்சுவிடுவதால், நீர்ப்பரப்பில் மருந்து தெளிப்பதில் பயனில்லை, செடிகளைப் பிடுங்கத்தான் வேண்டும். சதுப்புநிலங்கள் சூழ்ந்த இந்நகரில் அது முடிவில்லாத வேலை என்பதால், கட்டாக்காலி நாய்களை முதலில் அகற்ற வேண்டும் என்பேன்.

பதில் (மிருக வைத்தியர், தெஹிவளை):
ஐயா, நீர்த்தாவரம் பற்றிச் சொன்னது சரி. நாய்களை அகற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாய்களைக் கொல்வது 2006 இல் நிறுத்தப்பட்டதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இருக்கும் நாய்களை அகற்றினால் அந்த இடத்துக்கு வேறு நாய்கள் வந்துவிடுகின்றன. வளர்ப்பு நாய்க்கு மாதந்தோறும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து கொடுத்தால் தொற்றைத் தடுக்கலாம் (கோலி இன நாய்களுக்கு அளவு மீறினால் ஆபத்து). தெருவே சோறு வைக்கும் நாய்க்கு மாதாமாதம் மருந்து கொடுக்கத்தான் எவரும் இல்லை.

விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றும் குழு நாயைப் பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், காது மடலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்தால் போதும். நுணுக்குக்காட்டியின் கீழ் நுண்புழு உறையுடன் தெரிந்தால் புரூஜியா, உறையின்றித் தெரிந்தால் டைரோஃபிலேரியா. எந்த வட்டாரத்தில் நாய்களுக்கு எவ்வளவு தொற்று உண்டு என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் நாய் ஒரு திணைக்களத்துக்கும் பிள்ளை இன்னோர் அமைச்சுக்கும் உரியவர்களாக இருப்பதால், அந்தத் துளியை யார் எடுப்பது என்பது தீராமலே கிடக்கிறது.

வெள்ளவத்தைவாசி:
மிக்க நன்றி. பாடசாலையில் தரும் பூச்சி மாத்திரையை அவனுக்குத் தொடர்ந்து கொடுத்தால் மறுபடி வராமல் தடுக்க முடியுமா?

நுணுக்குக்காட்டி:
முடியாது. அந்த மெபென்டசோல் குடற்புழுக்களுக்குரியது. தோலடியில் உள்ள புழுவை அது தடுக்காது. புழுவை முழுமையாக அகற்றியிருந்தால் பொதுவாக வேறு மருந்து தேவைப்படாது. பகலில் கடிக்கும் நுளம்புகளும் இதைப் பரப்புவதால், பிள்ளை மதியம் உறங்கும்போதும் நுளம்பு வலையைக் கட்டுங்கள். எடுத்த புழு ஆய்வுகூடத்துக்குப் போனதா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.