ஸ்மாஷ் அடிக்கும்போது முன்கை இஎம்ஜி (தசை மின்சிக்னல் பதிவு) 180% காட்டுகிறது, எங்கே தப்பு?

முன்கை_மாணவி:
வணக்கம். இறகுப்பந்து ஸ்மாஷில் எந்தத் தசை எப்போது வேலையைத் தொடங்குகிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. தோள், ட்ரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை), முன்கை என்று ஆறு இடங்களில் வயர்லெஸ் சென்சார். பதிவு 2000 ஹெர்ட்ஸ், ஆளுக்கு 15 ஸ்மாஷ். 20–450 ஹெர்ட்ஸ் பேண்ட்பாஸ் (அந்த இடைவெளி அலைகளை மட்டும் விடும் ஃபில்டர்), ரெக்டிஃபை (எதிர்மதிப்புகளை நேர்மதிப்பாக்குவது), அப்புறம் கோட்டை மென்மையாக்க 3 ஹெர்ட்ஸ் லோபாஸை முன்னும் பின்னும் ஓட்டினேன்.

மணிக்கட்டை மடக்கும் தசை எம்விசி-யில் (முழு பலத்தோடு இழுக்கச் சொல்லி எடுத்த அளவு) 180% வரை போகிறது. அதோடு அது ட்ரைசெப்ஸுக்கு முன்பே தொடங்குகிறது. தோளில் ஆரம்பித்து மணிக்கட்டில் முடியும் என்றல்லவா படித்தோம்? ஷட்டிலில் மட்டை படும் நொடியில் ஊசி மாதிரி ஒரு உச்சம் வேறு. எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யணுமா? வயிற்றைக் கலக்குகிறது.

மின்வரி:
3 ஹெர்ட்ஸா! அது நடைக்குப் போடுகிற ஃபில்டர். ஸ்மாஷில் மட்டை முன்னால் பாயும் கட்டமே சுமார் 100 மில்லிசெகண்ட்தான். அதில் வரும் சின்ன வெடிப்பை 3 ஹெர்ட்ஸில் மென்மையாக்கினால் மாவு மாதிரிப் பரவிவிடும். முன்னும் பின்னும் ஓட்டியதால் பரவல் இரண்டு பக்கமும் போகும். தசை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கோடு மேலே ஏற ஆரம்பித்திருக்கும்.

தொடக்க நேரத்தை அந்தக் கோட்டில் தேடாதீங்க. பேண்ட்பாஸ் செய்த சிக்னலில் டீகர்–கைசர் ஆபரேட்டர் (திடீர் வெடிப்புகளை எடுப்பாகக் காட்டும் கணக்கு) போட்டு, ஓய்வு நிலைச் சராசரிக்கு மேல் சில மடங்கு திட்டவிலக்கம் என்று எல்லை வையுங்க. பிறகு ஒவ்வொரு அடியையும் கண்ணால் பாருங்க. பதினைந்து அடிதானே, சோம்பல் வேண்டாம்.

பழைய_லேப்:
அந்த ஊசிக்கு ஒரு சோதனை. கையைத் தளர்வாக மேசையில் வைத்து மட்டையைச் சும்மா பிடிக்கச் சொல்லுங்க. இன்னொருவர் மட்டை வலையில் விரலால் சுண்டட்டும். தசை வேலையே செய்யாதபோதும் அதே ஊசி வந்தால் அது அதிர்வு. அதிர்ச்சியில் 20 ஹெர்ட்ஸுக்கு மேலும் அலை இருக்கும், அதனால் உங்கள் பேண்ட்பாஸின் 20 ஹெர்ட்ஸ் கீழ்எல்லை அதை முழுசாக வடிகட்டாது.

மட்டை படும் நொடியில் தசை உண்மையிலேயே துடித்திருந்தாலும் அந்த அடிக்கு அதனால் பயனில்லை. மின்சிக்னல் வந்து விசை பிறக்கவே 30 முதல் 100 மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் ஷட்டில் போயே போயிருக்கும். ஊசியைச் சுற்றி 20–30 மில்லிசெகண்டை விலக்கிவிடுங்க, அதையும் ஆய்வேட்டில் எழுதிடுங்க.

மின்வரி:
180% பற்றி: எம்விசி-யை அசையாமல், ஒரே கோணத்தில் எடுத்திருப்பீங்க. வேகமான வீச்சில் தோலுக்கடியில் தசை நகரும், நீளமும் மாறும். 100% தாண்டுவது அதிசயமில்லை. ஆனால் 'முழு பலத்தோட' என்றதும் ஆள் கொஞ்சம் கஞ்சத்தனமாக இழுத்தாலும் இப்படித்தான் வரும். இரண்டு மூன்று கோணங்களில் எடுத்து, அதிகமானதை வைத்துக்கொள்ளுங்க. அந்தந்த ஆளின் ஸ்மாஷ் உச்சத்தையே 100 என்று வைத்தால் எண்கள் அழகாகும், ஆனால் புதியவரையும் தேர்ந்தவரையும் அளவில் ஒப்பிட முடியாது. நேரத்தை மட்டும்தான் ஒப்பிடலாம்.

முன்கை_மாணவி:
சுண்டிப் பார்த்தேன் சார்! கை தளர்ந்தே இருக்க, முன்கைச் சென்சார் இரண்டிலும் அதே ஊசி. தொடக்க நேரத்தையும் புது முறையில் கணக்கிட்டேன், ட்ரைசெப்ஸ் இப்போது முன்னால் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மட்டும் மணிக்கட்டுத் தசை இன்னும் முந்துகிறது. 15 அடியின் நேரத்தையும் 0–100% என்று நீட்டிச் சுருக்கித்தான் சராசரி எடுத்தேன். அதுவா காரணம்?

பழைய_லேப்:
அதுவும் இருக்கலாம். மட்டை படும் நொடியைப் பூஜ்யமாக வைத்து மில்லிசெகண்டிலேயே அடுக்குங்க. ஆனால் என் சந்தேகம் பிடியின் மேல். விரலை மடக்கும் தசைகள் அங்கேயே அடுக்கடுக்காக இருக்கின்றன. அடிக்குமுன் பிடியை இறுக்குகிறவர்களிடம் அந்தத் தசைகளின் சிக்னல் உங்கள் எலக்ட்ரோடில் கசியும். அந்த இரண்டு பேரையும் மணிக்கட்டை அசைக்காமல் பிடியை மட்டும் இறுக்கச் சொல்லிப் பதியுங்க. அந்த சேனல் எகிறினால் அதை 'மணிக்கட்டு' என்று எழுதாதீங்க, 'முன்கை உள்பக்கம்' என்று எழுதுங்க.

முன்கை_மாணவி:
எகிறியது. ஒருவருக்கு நன்றாகவே. பெயரை மாற்றிவிட்டேன். எம்விசி மட்டும் நாளைக்கு மறுபடி எடுக்கிறேன், ஸ்மாஷ் பதிவு தப்பித்தது.