மேடவாக்கம் பக்கம் தேர்வு வைக்காமல் சேர்க்கும் பள்ளி எது?

வரும் ஜூனில் புனேயிலிருந்து சென்னைக்குக் குடிவருகிறோம். வேலை சோழிங்கநல்லூரில், வீடு மேடவாக்கம் அல்லது பெரும்பாக்கம். மகள் 6-ஆம் வகுப்புக்கும் மகன் 3-ஆம் வகுப்புக்கும் போகிறார்கள். இதுவரை சிபிஎஸ்இ. மெட்ரிக் என்றாலும் சரிதான்.

விசாரித்த பள்ளிகளில் முதலில் 'சும்மா ஒரு இன்டராக்‌ஷன்' என்கிறார்கள். போனால் கணக்கிலும் ஆங்கிலத்திலும் எழுத்துத் தேர்வு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இப்படி வடிகட்டிச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. அதை எடுத்துச் சொன்னால் 'லெவல் பார்க்கத்தான் சார்' என்று பதில். இரண்டு நாளில் 'சீட் இல்லை' என்று போன் வருகிறது.

இன்னொரு கவலை தமிழ். இங்கே 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். இருவரும் நன்றாகப் பேசுவார்கள். மகன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். 'பள்ளி' என்பதை 'பல்லி' என்று எழுதுகிறான். தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் அவசியம்.

டிசி (புனே கல்வி அலுவலரின் மேலொப்பத்துடன்), மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் தயார். மழைக்காலத்தில் பள்ளிக்கரணைச் சாலையில் தண்ணீர் நிற்பதால் வேளச்சேரிப் பக்கம் வேண்டாம்.

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில், தேர்வு வைக்காமல் இருவரையும் சேர்த்து, தமிழையும் அடியிலிருந்து சொல்லித்தரும் பள்ளியில் உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களா? எந்தப் பள்ளி?