காலையில் ஒரு வசனம் மட்டும் படித்தால் அது தியானம் ஆகுமா?

தரங்கம்பாடி வாசகன்:
பைபிளில் எரேமியா 29:11-ஐ இந்த வாரம் மட்டும் நாலு பேர் படமாக அனுப்பிவிட்டார்கள். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை ஒருவரும் அனுப்பவில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. அங்கே சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம். அதில் ஒரு வரியை மட்டும் வெட்டிப் படித்தால் எழுதினவர் மனசு எப்படிப் புரியும்? 1706-இல் எங்கள் ஊரில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சில் கொண்டுவந்தார். நாம் துணுக்காகப் படிக்கவா அத்தனை பாடு? பைபிள் முழுவதும் சேர்த்து 1189 அதிகாரம்; தினம் மூணு, நாலு படித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும்.

பேராவூரணி சிஸ்டர்:
ஸ்தோத்திரம் பிரதர். அந்த ஒரு வசனத்தால் எழுந்து நின்றவள் நான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. எங்கள் தோப்பில் எண்பது தென்னை. விடிந்து பார்த்தபோது பதினொன்றுதான் நின்றது. கரண்ட் இல்லை, வீட்டுக்காரர் பேச்சே இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நிவாரண அரிசியோடு யாரோ வைத்த சீட்டில் இந்த வசனம் இருந்தது. அன்றைக்கு மூணு அதிகாரம் படி என்று நீங்கள் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வரிகூட ஓடியிருக்காது. அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தினோம்.

பூண்டி மாதா பக்கத்தூர்:
நான் கத்தோலிக்கன், நீங்கள் சங்கீதம் என்பதை நாங்கள் திருப்பாடல் என்போம். முதல் பாடலில் ‘இரவும் பகலும் தியானம்’ என்று வருகிற இடத்தில் எபிரேயச் சொல் ‘ஹாகா’. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். சிங்கம் இரைமேல் நின்று உறுமுவதற்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் போடுகிறார். மாடு அசைபோடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ இதை நாலு படியாகச் சொன்னார்: வாசி, சிந்தி, மன்றாடு, பிறகு இறைவன் முன் சும்மா இரு. கணக்கு முடிக்க ஓட்டிப் படிக்கிற நாலு அதிகாரத்தில் கடைசி இரண்டு படிக்கு நேரம் ஏது?

தரங்கம்பாடி வாசகன்:
அசைபோட வேண்டும், சரி. ஆனால் எதை? மத்தேயு 4:6-இல் சோதனைக்காரனாகிய சாத்தான் இயேசுவிடம் எடுத்துச் சொன்னதும் 91-ஆம் சங்கீதத்தின் வசனம்தான். தனியாகப் பிடுங்கின வசனத்தை எந்தப் பக்கமும் திருப்பலாம். அதைத்தான் பயப்படுகிறேன். சிஸ்டர், உங்கள் கண்ணீரை நான் எடைபோடவில்லை, மனசு நொந்திருந்தால் மன்னியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். எரேமியா அதே 29-ஆம் அதிகாரத்தில் 5-ஆம் வசனம் படித்திருக்கிறீர்களா?

பேராவூரணி சிஸ்டர்:
இத்தனை நாள் படித்ததில்லை பிரதர். நேற்று ராத்திரி மாமியாருக்குக் கேட்கிற மாதிரி முதல் வசனத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். “வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி” என்று வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. கஜாவுக்கு அடுத்த வருஷம் நெட்டைக் கன்று வைத்தோம். அது காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். நான் பார்க்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டேதான் மாமியார் குழிக்குத் தண்ணீர் ஊற்றினார். எழுபது வருஷம் என்று கேட்ட கிழவர்களும் இப்படித்தான் நட்டிருப்பார்கள், இல்லையா? அந்த வசனத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

ஆனாலும் அன்றைக்கு அந்தச் சீட்டு வந்திருக்காவிட்டால் நேற்று நான் அந்த அதிகாரத்தைத் திறந்திருக்கவே மாட்டேன். அதில் எனக்கு மாற்றமில்லை. இன்றைக்கு 30-ஆம் அதிகாரம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் பிரதர், மூணு என்னால் ஆகாது.