சர்க்கரை நோய், இடது தோள் வலி: ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி (தையல் தொழில் செய்பவர், திண்டுக்கல்):
வணக்கம். எனக்கு 52 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். நான்கு மாதமாக இடது தோளில் வலி. முதலில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனது. இப்போது கொடியில் துணி காயப்போடக் கை எட்டுவதில்லை. தலையை மகள்தான் பின்னிவிடுகிறாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மாத வருமானம் அதற்கே போய்விடும்.

பதில் (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்):
அம்மா, முதலில் ஒன்று: மாடிப்படி ஏறும்போது வலி கூடி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது தோள் நோயாக இல்லாமல் இதய நோயாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

அப்படி இல்லையென்றால், இடது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். பிறகு உங்கள் மகளை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றுவிட்டால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இதைத்தான் உறைந்த தோள் என்கிறோம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வருகிறது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருந்தால், தானாகத் தூக்க முடியாத கை பிறர் தூக்கும்போது பெரும்பாலும் மேலே போய்விடும்.

உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மருத்துவர் கையால் சோதித்தே கண்டுபிடிக்கலாம், அநேகருக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படாது. தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிய ஸ்கேன் சீட்டோடு ஏழைகள் வந்து நிற்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது.

வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தரும். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகம் தாங்காது.

பதில் (மதுரை வாசகி):
அக்கா, எனக்கு முழுதாகச் சரியாக ஒன்றே முக்கால் வருடம் ஆனது. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, சுவரில் எறும்பு ஊர்வதுபோல் விரல்களை மேலே நகர்த்துவேன். எட்டிய இடத்தில் ஒரு கோடு. சில வாரம் கோடு நகரவே நகராது, அழுதிருக்கிறேன். வலி உயிர் போகும் அளவுக்கு இழுக்காதீர்கள், சும்மாவும் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மகள் திருப்பிப் பார்த்தாள், பாதியிலேயே நின்றுவிட்டது. திங்கட்கிழமை எங்கள் சுகாதார நிலையத்துக்குப் போய்த் தோளைக் காட்டப்போகிறேன். துணியில் குறி போடும் சாக்பீஸால் சமையலறைச் சுவரில் முதல் கோடு போட்டாயிற்று. என் நெற்றி உயரத்தில் இருக்கிறது.